மண்ணில் நீந்தியவன்

எழுபத்தொன்பது வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் தேவாலயத்தின் முன்வரிசைப் பெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

1963இல், மிசிசிப்பியில் எங்கள் ஊர் நகராட்சி நீச்சல்குளத்தைக் கழுவியவன் என் அண்ணன் லூசியஸ். குளம் வெள்ளைக்காரர்களுக்கு. திங்கட்கிழமை தண்ணீரை வடித்ததும் அண்ணன் இறங்கித் தேய்ப்பான். புதுத் தண்ணீர் வருவதற்குள் ஏறிவிட வேண்டும். கறுப்பர்களான எங்களில் ஒருவன் கால் பட்டால் முழுவதையும் வடிப்பார்கள். ஒருமுறை அவன் வியர்வை ஒரு சொட்டு விழுந்ததற்கே வடித்தார்கள்.

ஆகவே அண்ணன் நீச்சல் கற்றது தண்ணீரில்லாத தரையில். குப்புறப் படுத்துக் கையையும் காலையும் வீசுவான்.

"என்ன அண்ணே, பல்லி மாதிரி?"

"சிரிக்காதடா. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி, ஒரே ஒரு தடவ. அது போதும் எனக்கு."

ஜூன் மாதம் எல்லோரையும் குளத்தில் விடச் சொல்லிக் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. அண்ணன் வேலைக் கால்சட்டைக்குள் புது நீச்சல் உடை போட்டுக்கொண்டு போனான். வாசலில் மண் லாரிகள் நின்றன. மேற்பார்வையாளர் கிரேடி மண்வாரியை நீட்டினார்.

"வாடா பையா. குளத்த மூடணும்."

"ஏன் சார்?"

"தீர்ப்ப மதிக்கணும்ல? எல்லாரும் சமம். அதனால யாருக்கும் கெடையாது."

நாலு நாள் அண்ணனும் நானும் மண் தள்ளினோம். ஐந்தாம் நாள் குளம் நிரம்பியதும் அவன் சட்டையைக் கழற்றினான், குளத்தோரத்துக் குதிக்கும் பலகைமேல் ஏறினான், தலைகுப்புறக் குதித்தான். தண்ணீராக இருந்தால் மூழ்கியிருப்பான், தண்ணீரில் பழக்கமில்லை. மண்ணில் மீன் மாதிரி போனான். மேலே மண் புடைத்துக்கொண்டே ஓடியது.

கிரேடி விசிலை ஊதித் தள்ளினார். "வெளிய வாடா! குளம் மூடியாச்சு!"

காவலுக்குக் கொண்டுவந்திருந்த போலீஸ் நாய்கூட உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அந்தக் கோடியில் தலை எழும்பியது. அண்ணன் மண்ணைத் துப்பிவிட்டு, "நல்லா இருக்குடா, நீயும் வா!" என்றான். நான் போகவில்லை. அவன் திரும்பி நீந்தினான். பிறகு மேலே வரவேயில்லை. அதன்மேல் தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள்.

மூன்று வருடம் முன்பு போலீஸ் எங்கள் ஆள் ஒருவனைச் சுட்டபோது, ஊர் கொதித்தது. போலீஸ் வண்டிகள் அங்கேதான் நின்றன. எதிரே நின்று நாங்கள் போட்ட கோஷமும் பழையதுதான். அப்போது அந்த வண்டிகளுக்கு அடியில் தார் புடைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.

"அங்க பாருங்கப்பா!" என்றேன்.

"வெயில்ல தார் இளகுது தாத்தா," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"பெரியவரே, நடைபாதைக்குப் போங்க," என்றான் ஒரு போலீஸ்காரன். அறுபது வருடத்தில் 'பையா' 'பெரியவரே' ஆகியிருக்கிறது. தடி அதே நீளம்.

நான் கூட்டியதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இது: குளம் மண்ணால் நிரம்பிய அந்த ஐந்தாம் நாள் மாலை, அந்தப் புது நீச்சல் உடையோடு ஆற்றில் இறங்கிய லூசியஸ் மூழ்கி இறந்தான். உடலை அடையாளம் காட்டியவன் நான்.