அத்தானின் கால் பிரேக்

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா போன் செய்து கேட்டாள். "ஒரு கதை எழுதேன்டா. அதுல உங்க அத்தானை அந்தச் சைக்கிள்லேருந்து கீழ தள்ளிவிட்டுடு. படிச்சாவது பயந்து நிறுத்துறாரான்னு பாப்போம்."

2

தொடக்கம் ஒன்று: பனி விலகாத காலையில் ஒரு மனிதர் படுத்தபடியே...

(வேண்டாம். பனியெல்லாம் எனக்குச் சரிப்படாது.)

தொடக்கம் இரண்டு: அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே இடுப்பு போய்விட்டது. நடந்தாலும் வலி, சாதாரண சைக்கிளில் குனிந்தாலும் வலி. உடம்பை அசைக்காமல் இருந்தால் அடுத்தது ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். அப்படி வந்ததுதான் அந்தச் சைக்கிள். இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். "ஈஸிசேருக்குச் சக்கரம் வெச்சுட்டாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். (கதையில் எனக்குப் பிடித்த வரி இது ஒன்றுதான். அதுவும் என்னுடையதல்ல.)

3

கதைக்கு ஒரு விபத்தைத் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அத்தானே வந்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை.

"அக்காகிட்ட மூச்சு விடாத மாப்ளே. லைப்ரரிக்குப் பின்னாடி சரிவுல எறங்கறேன், குறுக்க ஒரு கார். பழக்கதோஷம், பிரேக்குன்னு நெனச்சுக் கால ஓங்கி மிதிச்சுட்டேன்."

அந்தச் சைக்கிளில் பிரேக் கையில் இருக்கிறது. காலில் இருப்பது பெடல்.

"வண்டி பறந்துது. வேலியில போய்த்தான் நின்னேன்."

அவர் சிரித்தார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்; முழங்கைவரை வேலி கீறிய தடம்.

"இடுப்பு வலி பாதி கொறஞ்சிருக்குடா. விட மனசில்ல. ஆனா அந்தச் சரிவப் பாத்தாலே கால் விறைக்குது. அக்கா உன்னக் கதை எழுதச் சொல்லியிருக்காளாமே, அதுல என்னைய நல்லபடியா எறக்கிவிடு. எனக்கும் தைரியம் வரும், அவளும் விடுவா."

4

முடிவு அ: விழுகிறார். அக்கா சொன்னது நடக்கிறது. ஆபரேஷனும் நடக்கிறது.

முடிவு ஆ: பத்திரமாக இறங்குகிறார். அக்கா அதை நம்பி அவரை அனுப்ப, மறுநாள்...

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பயமாக இருக்கிறது.)

வேறு வழி தெரியாமல், மூச்சு விடாதே என்று அத்தான் சொன்னதைக் காற்றில் விட்டு, இதுவரை எழுதியதை அப்படியே அக்காவிடம் கொடுத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மூன்றாம் பகுதியை மட்டும் திரும்பப் படித்தாள்.

"அப்போ கோளாறு சைக்கிள்ல இல்ல, கால்லதானா?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

5

இப்போது அத்தான் சரிவின் உச்சியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கீழே, கார் எதுவும் குறுக்கே வந்துவிடாதபடி, அக்கா நடுரோட்டில் நிற்கிறாள். வாழ்நாள் முழுக்க ஊராரைப் பார்த்து "பிரேக்! பிரேக்!" என்று கத்தியவரைப் பார்த்து அவள் கத்துகிறாள்: "கை! கையப் புடிங்க!"

சக்கரம் நகர்ந்துவிட்டது. இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. கீழே நிற்பது என் அக்கா. நீங்களும் கொஞ்சம் சத்தம் கொடுங்கள்.