உள்ளளவும் வெளியளவும்

துபாயிலிருந்து லீவில் வந்த அஸ்லாம், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினான். அதன் பதினைந்து இஞ்ச் சக்கரம்தான் அவன் கண்ணை உறுத்தியது. பதினேழு இஞ்ச் அலாய் வீல் போட்டே தீருவதென்று மனைவி பர்சானாவோடு பெரம்பலூர் டயர் கடைக்குப் போனான்.

கடைக்காரர் மணிவேல் ஒன்றை மாட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒடித்ததும் டயர் மட்கார்டில் உரசியது. அஸ்லாமின் முகம் சுண்டிப்போனது.

பர்சானா வளையல் கடைக்காரர் மகள். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வளையலுக்குத்தாங்க உள்ளளவு. டயருக்கு வெளியளவு மாறக்கூடாது. ரிம்மு பெருசானா ரப்பர் கொறையணும்."

"சரியாச் சொன்னீங்க. மெல்லிசு டயரும் இருக்கு" என்றார் மணிவேல்.

"ரொம்ப மெல்லிசாப் போட்டா நம்ம லப்பைக்குடிக்காட்டு ரோட்டுப் பள்ளத்துல ரிம்மு நெளிஞ்சிரும். பதினாறு போதுங்க" என்றாள் பர்சானா.

பதினாறு இஞ்ச் கச்சிதமாகப் பொருந்தியது. எவ்வளவு ஒடித்தும் உரசவில்லை. அஸ்லாம் காரைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் அவன் வாங்கி வந்த தங்க வளையல் எதையும் அவள் போட்டு அவன் பார்த்ததில்லை.

"பர்சானா, உன் வளையல் சைஸ் என்ன?"

"இன்னிக்கித்தான் கேட்டிருக்கீங்க" என்றாள் அவள்.