தாசில்தார் நெடுஞ்செழியன் புறம்போக்கு ஆன விவரம்

ஜூன் பதினொன்றாம் தேதி காலை பத்தேகாலுக்கு, ஈக்காட்டுத்தாங்கலில் வைத்து, நில எடுப்பு தாசில்தார் நெடுஞ்செழியன் புறம்போக்கு ஆனார். அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்த எவ்வளவு நிலம் வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று மதிப்பீடு போடுவது அவர் வேலை. செலவைக் குறைப்பதில் மனுஷன் புலி. பட்டா இல்லாத இடத்துக்கெல்லாம் 'புறம்போக்கு' என்று எழுதி, எதிரே ஒரு பூஜ்யம் போட்டுவிடுவார். ஆற்றங்கரையில் நாற்பது வருஷமாக டிபன் கடை நடத்தும் தங்கபுஷ்பத்தின் ஒன்றரை சென்ட்டுக்கும் அதையேதான் போட்டார். கடை போனால் அந்த அம்மாளுக்கு ஊருக்கு வெளியே அரசுக் குடியிருப்பில் எட்டாவது மாடியில் ஓர் அறை கிடைக்கும். அங்கே யாருக்கு இட்லி விற்பது?

"இன்னா சார் எழுதிக்கினு கீற?"

"புறம்போக்கும்மா. காசு வராது."

"நாப்பது வருசமா இங்கியே குந்திக்கினு கீறேன், நான் பொறம்போக்கா? நீதான்யா பொறம்போக்கு!"

சென்னையில் தினம் லட்சம் பேர் வாங்கிக்கொள்ளும் திட்டுதான். அன்று ஏனோ பலித்துவிட்டது. ஐந்தே நிமிஷத்தில் ஒருவன் அவர்மேல் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் போனான். மதியத்துக்குள் ஒரு கட்சிக்காரர் அவர் சட்டைப் பையில் கொடிக்கம்பம் நட்டார். ஷரஃபுதீன் என்பவர் அவர் நிழலில் இளநீர்க் கடை போட்டார். சாயங்காலம் நெடுஞ்செழியன் மயிலாப்பூருக்கு வீடு திரும்பியபோது கடையும் கூடவே வந்தது. விரட்டினால், "உன் இடமா?" என்று கேட்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார், பாவம்.

மனைவி ரத்னா அழவில்லை. மறுநாளே தாலுகா அலுவலகத்துக்குப் போய், புருஷனுக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்தார். பத்திரம் இருக்கிறதா என்றார் குமாஸ்தா.

"பத்திரம் எதுக்குங்க? இருபத்திரண்டு வருஷமா நான்தானே இவரை ஆண்டு அனுபவிச்சிட்டு வர்றேன். தெருவுல யாரை வேணா கேளுங்க."

தெருவே வந்து சாட்சி சொன்னது. அனுபவ பாத்தியம் என்று ஏற்றுக்கொண்டு, மூன்று வாரத்தில் ரத்னா பேரில் பட்டா போட்டார்கள். கொடிக்கம்பம் கழன்றது, இளநீர் எதிர்ப்பக்கம் போனது.

வேலைக்குத் திரும்பியதும் நெடுஞ்செழியன் பழைய மதிப்பீட்டை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முழு மனுஷனே கிடைக்கும்போது, நாற்பது வருஷத்துக்கு ஒன்றரை சென்ட் கிடைக்காதா? பூஜ்யத்தை அடித்தார். நில மதிப்பு, அதே அளவு ஆறுதல் தொகை, கடை, முருங்கை மரம் எல்லாவற்றையும் எழுதினார். மேலதிகாரி தாம்தூம் என்று குதித்தார்.

"இதை அடிச்சா என் பட்டாவையும் அடிக்கணும் சார்," என்றார் நெடுஞ்செழியன். மேஜையை விட்டு நகரவில்லை. அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கடைச் சுவரில் நெடுஞ்செழியன் அறிவிப்பு ஒட்டிய அன்று, "ஓனர்னு யார் பேரு போட்டுக்கீது?" என்று கேட்டார் படிக்கத் தெரியாத தங்கபுஷ்பம்.

"தங்கபுஷ்பம்."

"இன்னொரு தபா சொல்லு சார்."

நாலு தபா சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை, முந்தின நாள் மழைக்கு நெடுஞ்செழியனின் தோளில் அருகம்புல் நன்றாக முளைத்திருந்தது.

"புள்ளையாருக்கு ஒரு பிடி கிள்ளிக்கட்டுமா சார்?"

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடறேம்மா," என்று போனை எடுத்தார். "பட்டா அவ பேர்ல இருக்கு."