தோளுக்கு மேல்

அம்மா மூன்றாவது முறையாக அந்தக் கதையைத் தொடங்கியது காதில் விழுந்ததும் தாமரை கோப்பித் தட்டைப் பந்தலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

கூடத்தின் நடுவே அப்பா சவப்பெட்டியில் கிடந்தார். வெளியே பண்டமாரான் ஊரின் வெயிலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் விளிம்பைப் பிடித்த கைகளை எடுக்காமலே அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம கூட நல்லாத்தான் இருந்தாரு. ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சா கூட்டியாறேன்னு ஆத்தாவுக்கு வேண்டியிருந்தேன்லா, கோயிலுக்குப் போனோம். தீபாராதனையில மனுசன் என்னமா சாமி கும்பிட்டாரு! பழைய ஆளப் பாத்த மாதிரி இருந்திச்சு."

"சாமி கும்பிட்ட கையோட போய்ச் சேந்துட்டாரு. புண்ணியம் செஞ்சவரு" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரியவே கூடாது.

அப்பாவின் இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆறு வாரத்துக்கு இடது கை தோளுக்கு மேலே போகக் கூடாது. இதயத்துக்குள் செருகிய கம்பி நன்றாக ஊன்றும்வரை இழுபட்டுவிடக் கூடாது. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். சட்டையை அவளே மாட்டிவிட்டாள். தலையையும் அவளே சீவிவிட்டாள், வழுக்கையில் சீவ என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூங்கும்போது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். "நான் என்ன கைதியா?" என்று அவர் முறைத்தால், "ஆமா" என்பாள்.

சனிக்கிழமை அப்பாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தார், சீனி தின்றார், மூச்சை அடக்கினார். நிற்கவில்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று அம்மா பெயர்களை அடுக்க ஆரம்பித்தாள். பினாங்கு அத்தை, கோலாலம்பூர் சம்பந்தி, கடன் வாங்கிவிட்டு ஓடிப்போன பக்கத்து வீட்டுக்காரன். தாமரையும் விடவில்லை. அவள் அப்பாவின் பழைய சூப்பர்வைசர் பெயரை இழுத்தபோது அவர் விக்கலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார். கடைசியில் அம்மா "தம்புசாமி அண்ணன்" என்றாள். பட்டென்று நின்றது.

"பாத்தியா, தே தாரிக் குடிக்கக் கூப்புடுறான்" என்றார் அப்பா. எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. மறுநாள் காலையில் குளியலறை வாசலில் விழுந்தார்.

அவசரப் பிரிவில் அந்த இளம் டாக்டர் தாமரையிடம் ஆங்கிலத்தில்தான் விளக்கினார். கம்பி இடம் மாறி, நெஞ்சுக்குக் கீழே இருக்கும் தசையைத் தட்டியிருக்கிறது. விக்கல் அதனால் வந்ததுதான். பிறகு அங்கிருந்தும் நழுவியதால் விக்கல் நின்றிருக்கிறது, இதயத்துக்குத் துடிப்பும் போகாமல் ஆகியிருக்கிறது. கையை மேலே தூக்கினாரா என்று கேட்டார். தாமரை யோசிக்காமல் அம்மாவிடம் திரும்பி அதைத் தமிழில் கேட்டுவிட்டாள்.

"கையா? நான் தூக்க விட்டுருவேனா? ஒரு தடவ முதுகு சொறியப் போனதுக்கே அந்தத் திட்டு திட்டினேன். கோயில்ல சாமி கும்பிட்டாரு, அவ்வளவுதான்."

அப்போதுதான் தாமரைக்கு அது கண்முன் வந்தது. கற்பூர வெளிச்சம், மணிச் சத்தம், தலைக்கு மேலே குவிந்திருந்த அப்பாவின் இரண்டு கைகள். அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்த நேரத்தில் கோயிலில் எல்லாக் கைகளும் மேலேதான் இருந்தன. அம்மாவின் கணக்கில் அது கையைத் தூக்குவதில் சேராது. தாமரையின் கணக்கிலும் அதுவரை சேர்ந்திருக்கவில்லை.

"நோ, டாக்டர்" என்றாள்.

சில சமயம் தானாகவும் நகர்ந்துவிடும் என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

அப்போதிருந்து தாமரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறாள். செத்துப்போன அப்பாவுக்காக இன்னும் சரியாக அழக்கூட இல்லை. பெட்டியருகே உட்கார்ந்திருக்கும் அம்மாவை நினைத்தால்தான் பயமாக இருந்தது. அது தெரிந்துவிட்டால் இவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று நிச்சயமாகத் தோன்றியது.

அடுத்த வீட்டு ஹாஜிரா வந்தாள். தாதியாக வேலை பார்ப்பவள். அம்மா அவளிடமும் ஆரம்பித்தாள்.

"எப்புடி கும்பிட்டா..." என்று கேட்க வந்த ஹாஜிரா பாதியில் நிறுத்தித் தாமரையைப் பார்த்தாள். தாமரை வேண்டாமென்று லேசாகத் தலையை ஆட்டினாள். ஹாஜிரா அம்மாவின் தோளைத் தடவிவிட்டுத் தாமரையைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"ஆன்டிக்குத் தெரியாதா?"

"தெரியாது. தயவுசெஞ்சு சொல்லிறாதக்கா."

"நான் ஏன்லா சொல்றேன்? அவங்களே ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்களே."

தாமரை கூடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள். "அம்மா, கொஞ்ச நேரம் பேசாம இரு. தொண்ட கட்டிக்கும்."

"பேசாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்டி. போற மனுசன் சந்தோசமா சாமி கும்பிட்டுட்டுப் போனாரு. அதுகூட இல்லன்னா எனக்கு என்ன இருக்கு?"

பெட்டியை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அது முடிந்தால் போதும் என்று நினைத்தாள். நாளைக்கும் நாளன்றைக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஜெஞ்சாரோமிலிருந்து தம்புசாமி மாமா வந்து சேர்ந்தார். காலமெல்லாம் அப்பாவோடு கண்டெய்னர் யார்டில் கிடந்தவர். அங்கே எஞ்சின் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அவரைக் கண்டதும் அம்மா முதல்முறையாக எழுந்து நின்றாள்.

"நீங்கதான்ணே நெனச்சீங்க! ஒங்க பேரச் சொன்னதும் விக்கல் நின்னுருச்சு!"

"ஆங்?"

"வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனோம்ணே!"

"எங்கம்மா?"

"கோயில்! சாமி கும்பிட்டாரு!"

"கேக்கலம்மா." அவர் கையைக் காதருகே குவித்துக்கொண்டு நெருங்கினார்.

அம்மாவின் கைகள் பெட்டியின் விளிம்பை விட்டன. தாமரை இடையில் புகுந்தாள். "மாமா, வாங்க, நான் சொல்றேன், வெளிய வாங்க" என்று அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவருக்கு அதுவும் கேட்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்புடிண்ணே" என்றாள் அம்மா உரக்க. "இப்புடி, ரெண்டு கையையும் நல்லா மேல தூக்கி..."

அவள் குரல் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் மட்டும் மெதுவாக மேலே போய், தன் இடது கையில் நின்றன.

தம்புசாமி மாமாவுக்கு இப்போது புரிந்துவிட்டது போலிருந்தது. கும்பிடச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அப்பா பக்கம் திரும்பி, தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் குவித்தார். அம்மா தன் கைகளை இறக்கவில்லை. கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்து அங்கேயே கிடந்தன.