ஈயக்கூட்டுக்குள் ஒரு சிட்டிகை திருநீறு

ஒரு வாரமாகக் கிருஷ்ணப்பிரியாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வேப்பம்பட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. சில அணுக்கருக்கள் பீட்டா சிதைவில் எலக்ட்ரானைத் துப்பும். எத்தனை, எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்று எண்ணினால் கருவின் உள்ளமைப்பு பிடிபடும். நான்கு வருடமாக எண்ணுகிறாள். இப்போது, வரவே கூடாத வேகத்தில் சில வந்துகொண்டிருந்தன.

"யாருமே பாக்காததுடா கௌதம்! திங்கட்கிழமை பிஎச்.டி. கமிட்டி முன்னாடி காட்டப்போறேன்."

நான் நம்பவில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டரான அவள் அப்பா நம்பினார். குவார்ட்டர்ஸில் மூன்றாவது பிளாக் வரை லட்டு போய்விட்டது.

"உள்ள வெச்ச சாம்பிளை எடுத்துட்டு வெறும் கருவியை ஓடவிட்டுப் பாரேன்" என்றேன்.

"அதெல்லாம் செப்டம்பர்லயே பாத்தாச்சு" என்று முறைத்தாள். என் வாயை அடைக்கவே வியாழக்கிழமை ஓடவிட்டாள். வெள்ளி மதியம் பார்த்தால், சாம்பிள் இல்லாமலே அந்த எலக்ட்ரான்கள் வந்திருந்தன. அவள் முகம் செத்துவிட்டது.

செப்டம்பருக்குப் பிறகு இங்கே நடந்தது ஆயுத பூஜை ஒன்றுதான். டார்ச் அடித்தேன். வெளிக்கதிர்வீச்சைத் தடுக்கக் கருவியைச் சுற்றி அடுக்கிய ஈயக்கட்டியின் உட்புறம் மூன்று விரல் திருநீற்றுப் பட்டை! சாம்பலில் பொட்டாசியம் உண்டு, அதுவும் பீட்டா விடும்.

"பாஸ்கரண்ணா!" என்று கத்தினாள். டெக்னீஷியன் பாஸ்கரன், சேக்காட்டுக்காரர், டீயோடு வந்தார்.

"என்னாண்ட ஏம்மா கத்துற? நான் வருசா வருசம் வெளியதான் பொட்டு வெப்பேன். நீதான் 'தொடாதீங்க, என் மெஷினுக்கு நானே போடுறேன்'னு சொன்ன. போட்டோ வேற எட்த்துக்கின."

போட்டோ அவள் போனிலேயே இருந்தது. சாமி இல்லை என்று என்னோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவள், பயபக்தியாக, நாக்கைத் துருத்திக்கொண்டு பட்டை போடுகிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் அழுதாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். "அப்பா, நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. எல்லாம் நான் பூசின திருநீறு."

அப்பா கேட்டார், "எவ்வளவும்மா பூசின?"

"ஒரு சிட்டிகை."

"ஒரு சிட்டிகையைக்கூட கண்டுபிடிக்காம விடலையா? அப்ப உன் மெஷின் நல்லாத்தான் இருக்கு. தொடச்சிட்டு மறுபடி எண்ணு. லட்டு வாங்கினவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பாஸ்கரன் ஈரத்துணியை நீட்டினார். அவளே துடைத்தாள்.

திங்கட்கிழமை கமிட்டி முன்னால் அவள் காட்டிய முதல் படம், நாக்கைத் துருத்திய அந்தப் போட்டோதான்.