நாத்தனாருக்கு ஒரு பார்சல்

1

இந்தக் கதை என் கைக்கு வந்தபோது சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பிஸ்கட் அட்டைப்பெட்டி, மேலே பூப்போட்ட காகிதம், குறுக்கும் நெடுக்கும் சணல்.

நான் அந்தத் தீவுக்குப் போனது குப்பையைப் பற்றிக் கட்டுரை எழுத. உல்லாசப் பயணிகள் குவியும் இடம். அவர்கள் விட்டுப்போவதும் அங்கேயே குவிகிறது. குன்றுக்குப் பின்னால் இருந்த கிடங்கு நிரம்பிவிட்டது. குப்பை ஏற்றிப்போன படகை எதிர்க்கரைத் துறைமுக ஊர், இனி இந்தப் பக்கமே வராதே என்று திருப்பி அனுப்பிவிட்டது. கட்டுரை வெளியானது. யாரும் படிக்கவில்லை. [தவறு. என் மைத்துனர் படித்தார். படம் நன்றாக இருந்தது என்றார்.]

பெட்டி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'தீவின் மேல் பொழுது மெல்லப் புலர, கடற்பறவைகள்

பறவைகள் அப்படியே நிற்கட்டும். அவை வட்டமிட்டது குப்பைக் கிடங்கின் மேல்தான்.

அடுத்தது: 'அவள் ஒரு தந்திரக்காரி.' இந்த வரியை ஒரு வாரம் நம்பினேன். பிறகு அவளே, நான் தங்கிய லாட்ஜின் சொந்தக்காரி, தொலைபேசியில் பேசினாள், வரி செத்தது. மூன்றாவது கொஞ்சம் தேறும். பாதி அவள் சொன்னது, மீதி என் கற்பனை:

லாட்ஜ்காரம்மா சமையலறைத் தொட்டியில் காலி ஜூஸ் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறு அறை லாட்ஜ். பின்கட்டு ஒரு கட்டில் போடும் அளவு. அவரவர் குப்பை அவரவர் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது தீவு நிர்வாகத்தின் உத்தரவு. நாற்றம் என்று ஒரு விருந்தாளி புகார் கொடுத்தாலும் லாட்ஜுக்குச் சீல் என்பதும் அதே நிர்வாகத்தின் உத்தரவுதான். சமையல் கழிவைப் புதைத்தாள். பாட்டில்களை மண் ஏற்றுக்கொள்ளவில்லை. சாக்குகள் ஜன்னல் விளிம்பைத் தொட்டன. சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஊருக்குக் கிளம்பிய விருந்தாளி ஒருவர், ஏதாவது வேண்டுமா அம்மா என்று வாய்ச்சொல்லுக்குக் கேட்டார். அவள் யோசித்தாள். எதிர்க்கரையில் படகை விட்டு இறங்கினால் எதிரிலேயே நாத்தனார் வீடு. உறவுக்காரருக்குக் கொடுத்தனுப்பும் பார்சலை எந்த மனிதர் மறுப்பார்?*

கழுவித்தான் அனுப்பினாள். ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டு, காயவைத்து, மிதித்துத் தட்டையாக்கி. ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

"குப்பைன்னாலும் நாத்தனார் வீட்டுக்குப் போறது சார். கழுவாம அனுப்பினா காலத்துக்கும் பேச்சு வாங்கணுமே."

(*மொத்தமாகப் படகில் வந்தால் ஊர் மறிக்கும். சில்லறையாகப் பூப்போட்ட காகிதத்தில் வந்தால் டீ கொடுக்கும். இதைக் கட்டுரையில் எழுத எனக்குத் தோன்றாமல் போனது.)

3

டீ கொடுத்தது உண்மை. நான் கிளம்பியபோது லாட்ஜ்காரம்மா என் கையிலும் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். நாத்தனார் என்னை உட்காரவைத்து, என் எதிரிலேயே அதைப் பிரித்தார். நசுங்கிய பாட்டில்களைப் பார்த்ததும் எனக்குத்தான் முகம் சிவந்தது. அவர் ஒன்றை எடுத்து மோந்தார்.

"கழுவியிருக்கா. இந்தத் தடவை மூடியையும் தனியா கழட்டியிருக்கா. தானா புத்தி வந்திருக்கு."

அடியில் ஓர் இருமல் மருந்து பாட்டில் இருந்தது. நான் அறையில் விட்டுவந்தது. அதை அவர் என்னிடம் நீட்டி, இருமல் நின்றுவிட்டதா என்று விசாரித்தார்.

அவரும் தம்பி மனைவியான லாட்ஜ்காரம்மாவும் பேச்சை நிறுத்திப் பல காலம் ஆகிறது. லாட்ஜ் இருப்பது நாத்தனாருடைய அப்பா வீட்டில். கடலைப் பார்த்த அறை நாத்தனாருடையது. வீட்டை லாட்ஜ் ஆக்கியபோது அந்தக் கதவில் '3' என்று எழுதிவிட்டார்கள்.

"என் ரூமுக்கு நம்பர் போட்டாங்க. இப்போ இங்க இருக்கிற ரூமையும் நிரப்பறாங்க," என்று உள்ளறையைக் காட்டினார். சாக்குகள். பழைய சாமான் கடைக்காரர் எடுத்துப்போகிறார்தான். அவரும் இப்போதெல்லாம் முகம் கொடுப்பதில்லையாம்.

நான் எழுந்தபோது, திரும்ப அந்தப் பக்கம் போவீர்களா என்று கேட்டார். போவேன் என்று சொல்லிவைத்தேன். உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். அதே பிஸ்கட் பெட்டி, அதே சணல்.

"பிரிச்சதும் அவளுக்குத் தெரியும், இனிமே அனுப்பலாமா கூடாதான்னு."

4

தொலைபேசியில் இதைச் சொன்னதும் லாட்ஜ்காரம்மாவின் சிரிப்பு நின்றது. பின்கட்டில் சாக்குகள் மறுபடி ஜன்னலுக்கு மேல் ஏறிவிட்டன. நாத்தனார் கையை விரித்தால் இந்த சீசனுக்கு லாட்ஜ் இல்லை.

"கனமா இருக்கா சார், லேசா இருக்கா?"

நடுத்தரம் என்றேன். குலுக்கிப் பார்க்கச் சொன்னாள். ஏதோ நகர்ந்தது, கலகலக்கவில்லை.

"பிரிச்சுடாதீங்க," என்றாள்.

5

முடிவு அ: பெட்டிக்குள் அவள் அனுப்பிய பாட்டில்களே, அவளைவிட நன்றாகக் கழுவப்பட்டு. [என் மனைவியின் யூகம். அவளுக்கும் நாத்தனார் உண்டு.]

முடிவு ஆ: ஒரு ஜன்னல் திரை. மூன்றாம் எண் அறைக்கு அளவெடுத்துத் தைத்தது. அதாவது, நான் வந்து தங்குவேன், நீயும் அனுப்பு.

முடிவு இ: பெட்டிக்குள் தீவின் மொத்தச் சிக்கலுக்கும் தீர்வாக

இதை எழுதப் போனவன் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். தீவு பெரியது, பெட்டி சிறியது.

6

பெட்டி இப்போது என் மேசையில், இந்தத் தாள்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குப்பைக் கட்டுரைக்காக இன்னொரு முறை என்னைத் தீவுக்கு அனுப்ப ஆசிரியருக்கு மனமில்லை. நீங்களோ விடுமுறைக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பெரிய கனமில்லை, பையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். படகுத்துறையிலிருந்து இடப்பக்கம் முதல் சந்து, பச்சைக் கதவு. கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். அவள் பிரித்து முடிக்கட்டும். பிறகு, மூன்றாம் எண் அறை வாடகைக்கு உண்டா, நாத்தனாருக்கென்று ஒதுக்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதில்தான் இந்தக் கதையின் கடைசி வரி.

திரும்பும்போது உங்கள் கையிலும் ஒரு பார்சல் திணிக்கப்பட்டால் நல்ல சகுனம், எதிர்க்கரையில் டீ உண்டு. திணிக்கப்படாவிட்டால், நீங்கள் குடித்த பாட்டில்களையாவது நீங்களே எடுத்துவந்துவிடுங்கள்.

கழுவி.