மாற்றி நட்ட தக்காளிக் கன்று

தாப்பாச் சந்தையில் ஒரே தட்டாக வாங்கிய தக்காளிக் கன்றுகளை நானும் பக்கத்து வீட்டுச் சரளாவும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரே மாலையில்தான் நட்டோம். ஐந்தாம் நாள் என் கன்றுகள் தலை தொங்கி நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடையவை விறைப்பாக நின்றன.

"சரளா கைராசி அப்படிலா," என்றார் என் வீட்டுக்காரர் ஜெயபாலன். "போய்க் கேட்டுப் பாரேன் புனிதா."

அவளிடமா? நான் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

அவள் நட்டது பழைய உரப் பைகளில். நான் நட்டது, எஸ்டேட் ஸ்டோருக்குப் பின்னால் குவிந்து கிடந்த, ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகளில். கழுவி, படியோரம் வரிசையாக வைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. அப்படியும் வாடுகிறதென்றால்? கன்றுகளைப் பிரித்தது அவள்தானே. நல்லதையெல்லாம் தனக்கு எடுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை, மகளைப் பள்ளியில் விடச் சரளா மோட்டாரில் கிளம்பியதும், அவள் வாசலுக்குள் நுழைந்தேன். அவளுடைய கன்று ஒன்றைக் கரண்டியால் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் என்னுடையதை நட்டுவிட்டு ஓடிவந்தேன்.

மூன்றே நாளில் அவள் கன்று என் மங்கில் தலை தொங்கியது. என் கன்று அவள் பையில் நிமிர்ந்துவிட்டது.

எனக்கு அழுகையே வந்தது. மங்கைச் சாய்த்தேன். நாற்றமடிக்கும் தண்ணீர் காலில் கொட்டியது. கன்றைப் பிடுங்கினேன். வேர் ஊறிக் கறுத்திருந்தது. மங்கைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஒரு சொட்டுப் பால் சிந்தக்கூடாதென்று செய்த மங்கு, தண்ணீரை எப்படி விடும்?

"உன் கன்னு இங்க நல்லா இருக்கு," என்றது வேலிப் பக்கமிருந்து சரளாவின் குரல். "என்னுது எப்படி?"

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. நான் கழுத்து வரைக்கும் புதைப்பேன். நீ மேலாக்க நட்டுட்டுப் போயிருக்க. திருடுறதயாவது ஒழுங்கா செய்லா."

ஓட்டை போட்ட பைகள் சிலவற்றை வேலிக்கு மேலே வீசினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கன்றுகளைக் கழுத்து வரை புதைத்துக்கொண்டிருந்தபோது ஜெயபாலன் வந்தார். "ஆ, சரளா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல, நானே கண்டுபிடிச்சேன்," என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.